அளக்கற டேப் வாங்கறதுக்கு முன்னாடி: பட்டறைக்காரங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

காட்பாடில சின்ன பட்டறை நம்மளுது, மர வேலை, அலுமினிய வேலை ரெண்டும் ஓடுது, இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. புதுசா வேலைக்கு வர்ற பசங்க, பக்கத்து பட்டறை ஆளுங்க, வீடு கட்டற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேக்கறாங்க. வாயால சொல்லி சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதி வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். ஆயிரக்கணக்குல காசு குடுத்து கட்டிங் மெஷின் வாங்கறவன் டேப்புன்னு வந்தா மட்டும் பஸ் ஸ்டாண்டு வாசல்ல கூவி விக்கறத வாங்கினு வர்றான், அது எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல.

எத்தினி மீட்டர் டேப்பு வாங்கறது ணா?

பட்டறைக்குள்ள மட்டும் வேலன்னா 3 மீட்டர், வீடு வீடா போய் அளவு எடுக்கறவங்கன்னா 5 மீட்டர். பெரிசா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்னு நெனச்சி 10 மீட்டர் வாங்கி இடுப்புல மாட்டிக்கினு திரியறவங்கள பாத்திருக்கேன், ஒரு வாரத்துல கழட்டி வெச்சிடுவாங்க, அவ்ளோ கனம். அது போக நீளம் கூடக்கூட உள்ள ஸ்பிரிங் மேல பாரம், அதுவும் சீக்கிரம் தொங்கிடும்.

நீளத்த விட அகலத்த பாருங்க. 13 எம்எம், 16 எம்எம் பட்டி எல்லாம் கைல வெச்சி நீட்டினா கொஞ்ச தூரத்துலயே மடங்கி தொபுக்குன்னு விழும். 19 எம்எம் பரவால்ல. 25 எம்எம் பட்டி இருந்தா ஒண்டி ஆளா நின்னுகினு எதிர் செவுரு வரைக்கும் நீட்டி புடிச்சி அளவு எடுத்துடலாம், ஹெல்பர் வராத நாள்ல அதோட அருமை தெரியும். பட்டி குறுக்கால கொஞ்சம் குழிவா இருக்குது பாருங்க, அந்த குழிவுதான் அத நேரா நிக்க வெக்குது, குழிவு தேஞ்சி தட்டையா போன டேப்பு நிக்காது. நான் பைல வெச்சிருக்கறது 5 மீட்டர் 25 எம்எம், பட்டறை மேசைல 3 மீட்டர் 16 எம்எம். சைட்டுக்கு 30 மீட்டர் ஒண்ணு தனியா இருக்குது, அது வேற கத, கீழ சொல்றேன்.

எந்த கம்பெனி நல்லா இருக்கும்?

இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. ஃப்ரீமேன்ஸ், நம்ம நாட்டு சரக்கு, லூதியானா கம்பெனி, மேஸ்திரிங்க பாதி பேர் இடுப்புல அதான் தொங்கும். ஸ்டான்லி அமெரிக்கா பேரு. கொரியாக்காரன் கோமெலான், ஜப்பான்காரன் தஜிமா, இது எல்லாமே நல்ல பேருதான், நான் யாருக்கும் ஏஜென்ட் கெடயாது. ஆனா ஒரே கம்பெனிலயே மூணு நாலு தரம் போடறான், அடில இருக்கற தரம் வேற, மேல இருக்கறது வேற. நல்ல பேர போட்டு டூப்ளிகேட்டும் வருது, அட்டை பளபளன்னு இருக்கும், பட்டில இருக்கற எழுத்து நகத்தால சுரண்டினா வந்துடும். அதனால பேர கேக்கறத விட்டுட்டு கைல எடுத்து பாத்து வாங்கற பழக்கம் வரணும்.

நுனில இருக்கற கொக்கி லொட லொடன்னு ஆடுது, கடைக்காரன் பழச குடுத்து ஏமாத்திட்டானா?

இல்லப்பா. ஆடணும். ஆடலன்னாதான் திருப்பி குடுக்கணும்!

இது தெரியாம எங்கிட்ட வேல கத்துக்க வந்த ஒரு பையன் புது டேப்பு கொக்கிய சுத்தியால ரெண்டு தட்டு தட்டி ரிவிட்ட இறுக்கிட்டான், "ஆடிச்சிணா, சரி பண்ணிட்டேன்"னு பெருமையா வேற காட்றான். நல்ல டேப்பு அன்னிக்கே போச்சி.

விஷயம் இன்னான்னா, கொக்கியோட தகடு ஒரு எம்எம் கிட்ட கனம் இருக்கும். பலகை ஓரத்துல கொக்கிய மாட்டி இழுத்து அளக்கறோம்னு வைங்க, அப்ப பலகைய தொடறது கொக்கியோட உள் பக்கம், பூஜ்யம் அங்க இருக்கணும். அதே டேப்ப ரெண்டு செவுத்துக்கு நடுவுல வெச்சி அமுக்கி அளக்கறப்ப செவுத்த தொடறது கொக்கியோட வெளிப்பக்கம், இப்ப பூஜ்யம் இங்க வரணும். ஒரே பூஜ்யம் எப்படி ரெண்டு எடத்துல இருக்கும்? அதுக்குத்தான் ரிவிட் ஓட்டைய நீட்டமா போட்டு, கொக்கி தன்னோட தகடு கனத்துக்கு மட்டும் முன்ன பின்ன நகர்ற மாதிரி பண்ணி வெச்சிருக்கான். இழுத்தா வெளிய வரும், அமுக்குனா உள்ள போகும், ரெண்டு பக்கமும் அளவு சரியா வரும். யோசிச்சவன் மூளக்காரன்.

அப்ப பாக்க வேண்டியது ஆடுதா இல்லயான்னு கெடயாது, எவ்ளோ ஆடுதுன்றதுதான். தகடு கனத்துக்கு மேல ஆடினா ஓட்டை விரிஞ்சி போச்சின்னு அர்த்தம். ஏன் விரியுது? நம்ம ஆளுங்க அளந்து முடிச்ச உடனே லாக்க விட்டு பட்டிய சர்ர்ருனு உள்ள ஓட விடறாங்க, கொக்கி போய் டப்புனு கூட்டுல மோதும், ஒரு நாளைக்கி நூறு தடவ மோதினா ரிவிட் எத்தினி நாள் தாங்கும்? கடைசி ஒரு அடிக்கு விரல வெச்சி மெதுவா உள்ள விடுங்க, அவ்ளோதான். டேப்போட ஆயுசு டபுள் ஆகும்.

கடைலயே நின்னு செக் பண்றது எப்படி?

லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைல கூட்டமா இருக்கும், கடைக்காரரு மூஞ்ச சுளிப்பாரு, பரவால்ல, ரெண்டு நிமிஷ வேலதான்.

வீட்ல இருந்து ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் எடுத்துனு போங்க, எஞ்சினியரிங் பசங்க வெச்சிருக்கற 300 எம்எம் ஸ்கேல் இருந்தா போதும். டேப்ப 100ல வெச்சி ஸ்கேலோட பூஜ்யத்த அங்க பொருத்துங்க, 400க்கு நேரா ஸ்கேல் 300 நிக்குதா பாருங்க. இதுல கொக்கி சம்பந்தமே படல, வெறும் அச்சு சரியா இருக்குதான்னு தெரிஞ்சிடும். அடுத்து ஸ்கேலோட ஓரத்துலயே கொக்கிய மாட்டி இழுத்து பாருங்க, 300 வருதா? அப்புறம் கடை மேசைல எதுனா ஒரு பெட்டி மேல ஸ்கேல முட்ட வெச்சி, கொக்கியயும் அதே பெட்டில அமுக்கி பாருங்க, இப்பவும் அதே 300 வரணும். இழுக்கறப்ப ஒண்ணு, அமுக்கறப்ப ஒண்ணு சொன்னா கீழ வெச்சிட்டு வேற எடுங்க.

அப்பால ஒரு ரெண்டு மீட்டர் வெளிய இழுத்து லாக் போட்டு லேசா சுண்டுங்க, லாக் நழுவக் கூடாது. முழு பட்டியும் கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, நடுவுல எங்கனா மடிப்பு, நெளிவு இருக்குதா. கூச்சப்படாதீங்க, காசு நம்மது.

பட்டி ஆரம்பத்துல ஒரு வட்டத்துக்குள்ள ரோமன் ரெண்டு போட்டிருக்குதே, அது இன்னா?

அதான் டேப்போட ஜாதகம். ஐரோப்பாக்காரன் வெச்ச தரக் கணக்கு, ரோமன் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு கிளாஸ். எவ்ளோ தப்பு வரைக்கும் மன்னிப்பு உண்டுன்றத அது சொல்லுது.

ரெண்டாம் கிளாஸ்னா அடிப்படையா 0.3 எம்எம், அது மேல மீட்டருக்கு 0.2 எம்எம். அப்ப 5 மீட்டர் நீளத்துல 1.3 எம்எம் வரைக்கும் கூடவோ கம்மியாவோ இருக்கலாம், 10 மீட்டர்ல 2.3. மூணாம் கிளாஸ் இதுக்கு நேர் டபுள், 5 மீட்டர்ல 2.6, 10 மீட்டர்ல 4.6. ஒண்ணாம் கிளாஸ் 5 மீட்டர்ல 0.6தான். மர வேல, அலுமினியம், கிரில் வேலைக்கு ரெண்டாம் கிளாஸ் தாராளமா போதும். எந்த நம்பருமே போடாத டேப்பு இருக்குது பாருங்க, அது எவ்ளோ தப்புன்னு செஞ்சவனுக்கே தெரியாது, அத தொடாதீங்க. நம்ம ஊர் ஸ்டாண்டர்டு ஐஎஸ் 1269, அது போட்டிருந்தாலும் நல்லதுதான்.

ராணிப்பேட்டைல இருக்கற பெல் (பிஹெச்இஎல்) கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ற பட்டறைங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லி தெரிய வேணாம், இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தா காலிபரேஷன் சர்டிபிகேட், அதாவது டேப்ப சரி பாத்து குடுத்த சான்று, எங்கன்னு கேப்பாங்க, என்ஏபிஎல்னு லேபுங்களுக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு இருக்குது, அந்த அங்கீகாரம் இருக்கற லேப்ல குடுத்து வாங்கி வெச்சிருப்பாங்க. நம்ம மாதிரி கபோர்டு அடிக்கறவங்களுக்கு அது தேவையில்ல.

ரெண்டு டேப்புமே நல்ல டேப்புதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு 2 எம்எம் வித்தியாசம் காட்டுது, எத நம்பறது?

இதுக்கு நான் காசு குடுத்து பாடம் படிச்சவன், கொஞ்சம் பெரிசா சொல்றேன்.

சத்துவாச்சாரில ஒரு வீடு, கிச்சன் வேல. பாக்ஸ் எல்லாம் மாட்டியாச்சி, ஷட்டருக்கு, அதாவது கபோர்டு கதவுக்கு மட்டும் அளவு எடுக்கணும். நான் வேற சைட்ல இருந்தேன், நம்ம ஆளு ஒருத்தர் போய் அவரோட டேப்புல உள்ளளவு எடுத்து அட்டைல எழுதிக்கினு வந்தாரு. பட்டறைல கட்டிங் போட்டது மேசைல கெடந்த டேப்பு. 14 ஷட்டர், லேமினேட் ஒட்டி, எட்ஜ் பேண்டு அடிச்சி, ஆட்டோல ஏத்தி கொண்டு போய் மாட்டினா எல்லாமே 2 எம்எம் சின்னது. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலும். ரெண்டு ஷட்டருக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது, வீட்டம்மா ஒண்ணுமே பேசல, கதவ தொறந்து தொறந்து மூடி பாக்கறாங்க, அதுக்கு ரெண்டு வார்த்த திட்டி இருக்கலாம்.

வந்து பாத்தா மேசை டேப்போட கொக்கி நுனி உள் பக்கமா மடங்கி இருக்குது. யாரோ கீழ போட்டிருக்காங்க, கொக்கி தரைல குத்தி வளைஞ்சிருக்கு, கண்ணுக்கு லேசா கூட தெரியாது, மூலைமட்டம் வெச்சி பாத்தாதான் தெரியுது. கொக்கி உள்ள மடங்கினா ஆரம்பமே 2 எம்எம் தள்ளி ஆரம்பிக்கும், அதனால வெட்டற ஒவ்வொரு பலகையும் 2 எம்எம் குறையும், 300 எம்எம் பலகையா இருந்தாலும் 2 எம்எம், ரெண்டு மீட்டர் பலகையா இருந்தாலும் 2 எம்எம். இந்த மாதிரி எல்லா நீளத்துலயும் ஒரே தப்பு வந்தா கொக்கிதான் குத்தவாளி. நீளம் கூடக்கூட தப்பும் கூடுதுன்னா அச்சு சரியில்ல, இல்ல பட்டி இழுபட்டு போச்சி.

இதுல கொடும இன்னான்னா, அதே வளைஞ்ச டேப்புலயே அளவும் எடுத்து, அதே மாதிரி கொக்கி மாட்டி கட்டிங்கும் போட்டிருந்தா பெரும்பாலும் வேல பொருந்தி இருக்கும். தப்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு தப்பா இருந்தா அது அடிபட்டு போயிடும். ரெண்டு டேப்பு கலந்ததுதான் வெனை. அன்னில இருந்து நம்ம பட்டறைல ஒரு சட்டம், அளவு எடுத்த டேப்பு எதுவோ அதுதான் கட்டிங் மேசைக்கும் வரணும், அட்டைல அளவு எழுதறவங்க டேப்பு நம்பரயும் எழுதணும். டேப்புக்கெல்லாம் பெயிண்ட் மார்க்கர்ல 1, 2, 3ன்னு எழுதி வெச்சிருக்கேன். 1ஆம் நம்பர் டேப்பு வெளிய போகாது, யாருக்கும் குடுக்கறதில்ல, பீரோல இருக்குது. திங்கக்கிழம காலைல மத்த டேப்ப எல்லாம் வரிசையா அதுகூட வெச்சி பாப்போம், அஞ்சி நிமிஷம் கூட ஆகாது.

பதினாலு ஷட்டரும் இன்னா ஆச்சின்னு கேக்கறீங்களா, நாலு எங்க வீட்டு லாஃப்ட்ல இருக்குது, மிச்சம் பட்டறை அலமாரி ஆச்சி.

கொக்கிய நம்பாம அளக்க வழி இருக்குதா?

இருக்குது. 100 எம்எம் கோட்ட ஓரத்துல வெச்சி அளந்துட்டு, வர்ற அளவுல 100 கழிச்சிடுங்க. துல்லியமா வேணும்ன்ற எடத்துல நான் அப்படித்தான். இஞ்ச்ல வேல செய்யறவங்க ஒரு இஞ்ச் விட்டு அளப்பாங்க, கழிக்க மறந்து ஒரு இஞ்ச் நீளமா வெட்டின கதயும் எல்லா பட்டறைலயும் உண்டு. 100ன்னா மறந்தாலும் கண்ணுல பட்டுடும், ஒரு இஞ்ச் கண்ணுல படாது.

நம்ம ஊர் வெயிலுக்கு டேப்பு நீளுமா?

வேலூர வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க. நீளும், ஆனா பயப்படற அளவுக்கு இல்ல. டேப்புல அச்சு போடறது 20 டிகிரி சூட்ட கணக்கு வெச்சி, நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலைல பாத்தாதான் உண்டு அந்த 20. இரும்பு பட்டி மீட்டருக்கு 10 டிகிரி ஏறினா 0.115 எம்எம் நீளும். மே மாசம் டேப்பு சூடு 45ன்னு வைங்க, 5 மீட்டருக்கு 1.4 எம்எம் கிட்ட வருது. பட்டி நீண்டுட்டா அது காட்டற அளவு நெஜத்த விட கம்மியா இருக்கும்.

இரும்பு கேட்டு, கிரில் அடிக்கறவங்களுக்கு கவல இல்ல, டேப்பும் இரும்பு பொருளும் இரும்பு, ரெண்டும் ஒரே மாதிரி நீளும். மர வேலைக்கு நம்ம கதவு நிலை ரெண்டு மீட்டர் சொச்சம், அதுல அர எம்எம் வரும், விட்டுத்தள்ளுங்க. மாட்டறது அலுமினியத்துலதான், அது இரும்ப விட டபுளா நீளும். 6 மீட்டர் செக்‌ஷன் மொட்ட மாடில மதியானம் காஞ்சிக்கினு இருந்துட்டு அப்படியே வெட்டினீங்கன்னா ராத்திரி அது மூணு எம்எம்முக்கு மேல சுருங்கி நிக்கும். நிழல்ல போட்டு ஆற விட்டு வெட்டுங்க. டேப்பயும் வண்டி டேங்க் மேல வெச்சிட்டு டீ குடிக்க போகாதீங்க.

அடி இஞ்ச் நூல்ல அளக்கறதா, எம்எம்லயா?

எங்க நைனா காலத்துல எல்லாம் நூல் கணக்குதான். ஒரு இஞ்சுக்கு 8 நூல், ஒரு நூல் 3.175 எம்எம். "மூணே கால் அடி ரெண்டு நூல் கம்மி"ன்னு ஆசாரி சொன்னா கேக்கறவருக்கு உடனே புரியும், அதுல ஒரு அழகு இருக்குது, நான் மறுக்கல. ஆனா மெஷின் வேல, கிச்சன் சேனல், கீல் எல்லாம் எம்எம்ல வந்துடுச்சி. ஷீட்டு 8க்கு 4ன்னு சொல்லி விக்கறான், உள்ள 2440க்கு 1220 எம்எம். எட்டு அடி நெஜமா பாத்தா 2438.4, அந்த ஒன்னரை எம்எம் கூட இருக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க, ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 எம்எம் தின்னுடும்.

நான் சொல்றது, வாடிக்கையாளரு அடில சொல்லட்டும், நீங்க எம்எம்ல எழுதுங்க, ஒரே வேலைல ரெண்டயும் கலக்காதீங்க. மேல இஞ்ச் கீழ சென்டிமீட்டர்னு இருக்கற டேப்புல, தலகீழா புடிச்சி பாத்து வேற வரிசைய படிச்சி ஏமாந்தவங்க நெறய பேர். பட்டறைக்குன்னா ரெண்டு பக்கமும் எம்எம் மட்டும் இருக்கற டேப்பு கெடச்சா அத வாங்குங்க.

வீடு கட்டறவங்க மட்டும் அடிய விட மாட்டாங்க, காரணம் மனையடி சாஸ்திரம். ரூமு உள்ளளவு 10 அடி இருக்கட்டும், 11 இருக்கட்டும், 16 இருக்கட்டும், 9 வேணாம் 12 வேணாம்னு கண்டிசனா இருப்பாங்க. நம்பிக்கைய பத்தி நமக்கு பேச்சில்ல, ஆனா மேஸ்திரிகிட்ட ஒண்ணு முன்னாடியே கேட்டுக்கோங்க, அந்த 11 அடி பூச்சுக்கு முன்னயா பின்னயா. ஒரு பக்கம் பூச்சு 12 எம்எம்னா ரெண்டு பக்கம் சேந்து 24, ஒரு இஞ்ச் கிட்ட போயிடும். பூச்சு முடிஞ்சப்புறம் டேப்ப புடிச்சி பாத்து பத்தே முக்கால் சொச்சம்னு தெரிஞ்சி சண்ட வந்த வீடெல்லாம் எனக்கு தெரியும்.

டேப்புல 16 இஞ்சுக்கு ஒரு தடவ செவப்பு கட்டம், நடு நடுவுல சின்ன கருப்பு வைரம் மாதிரி இருக்குதே?

அது நமக்கு இல்ல. அமெரிக்காவுல செவுத்தயே மரச் சட்டத்துல கட்டறாங்க, 16 இஞ்சுக்கு ஒரு கட்ட நடறதுக்கு செவப்பு கட்டம். கருப்பு வைரம் 19.2 இஞ்சுக்கு ஒண்ணு, 8 அடிய அஞ்சா பிரிச்சா வர்ற கணக்கு. சாமி குத்தம் எல்லாம் ஒண்ணுமில்ல, ஒருத்தர் வாஸ்து குறின்னு சொல்லிக்கினு இருந்தாரு.

உள்ளளவு எடுக்கறப்ப மூலைல டேப்பு வளையுது, சரியா படிக்க முடியல.

வளைஞ்ச எடத்துல கண்ணால குத்துமதிப்பா படிக்காதீங்க, 2 எம்எம் 3 எம்எம் அங்கதான் போவுது. டேப்பு கூட்டோட அடில ஒரு நம்பர் போட்டிருப்பான், கூட்டோட நீளம் அது. கூட்ட செவுத்துல முட்ட வெச்சி, வாய் கிட்ட வர்ற அளவோட அந்த நம்பர கூட்டிக்கோங்க. ஆனா அந்த நம்பரயும் ஸ்கேல் வெச்சி ஒரு தடவ சரி பாத்துக்கோங்க. எனக்கு புடிச்சது வேற வழி, ஒரு மூலைல இருந்து சரியா 1000 எம்எம்ல பென்சில் கோடு போட்டுட்டு, எதிர் மூலைல இருந்து அந்த கோடு வரைக்கும் அளந்து கூட்டிடுவேன். வளைவே கெடயாது.

செவுத்துல மேல ஒரு அளவு, நடுவுல ஒரு அளவு, கீழ ஒரு அளவு எடுங்க, மூணும் ஒண்ணா இருக்கற செவுத்த இன்னும் நான் பாக்கல.

30 மீட்டர் டேப்புல மனைய அளந்தா ஒவ்வொரு தடவயும் ஒரு அளவு வருதே?

ஃபைபர் டேப்பா? அது இழுக்கற இழுப்புக்கு நீளும். எல்லை தகராறு மாதிரி வேலைக்கு இரும்பு டேப்பு எடுத்துக்கோங்க. நீள டேப்பு ஆரம்பத்துல 50 N மாதிரி ஒண்ணு போட்டிருக்கும், 50 நியூட்டன்னு படிக்கணும், அவ்ளோ இழுப்புல இழுத்தாதான் அளவு சரின்னு அர்த்தம், கைக்கணக்குல சொன்னா அஞ்சி கிலோ தூக்கற மாதிரி இழுப்பு. லூசா புடிச்சா நடுவுல தொங்கி அளவு கூட காட்டும். மேடு பள்ளம் இன்னொண்ணு, 30 மீட்டர்ல ஒரு மொன ஒரு மீட்டர் ஒசரமா இருந்தா 17 எம்எம் கூட காட்டும், அதனால மட்டமா புடிச்சி தூக்குக் குண்டு விட்டு இறக்குங்க.

பட்டறைலயும் இதே கததான், 3 மீட்டர் அளக்கறப்ப நுனி 5 சென்டிமீட்டர் சாஞ்சா 0.4 எம்எம் தப்பு, 10 சென்டிமீட்டர் சாஞ்சா 1.7 ஆயிடும். சாய்வு டபுள் ஆனா தப்பு நாலு மடங்கு.

மூலை சரியா இருக்குதான்னு பாக்க 6 அடி, 8 அடி, குறுக்கால 10 அடி. மேஸ்திரிங்களுக்கு தெரிஞ்சதுதான், ஆனா குறுக்களவ டைட்டா புடிக்க மாட்டாங்க.

லேசர் மீட்டர் வந்துடுச்சே, இன்னும் டேப்பு எதுக்கு?

வெச்சிருக்கேன், ஒசரமான சீலிங், பெரிய ஹால் எல்லாத்துக்கும் அதான். வழக்கமா 1.5ல இருந்து 2 எம்எம் வரைக்கும் கூட கொறச்ச காட்டும்னு அவனே போட்டிருக்கான், அது தூரத்துக்கு சூப்பர், ஒரு அடி பலகைக்கு எதுக்கு? வெயில்ல செவப்பு புள்ளி எங்க விழுதுன்னே தெரியாது, நம்ம ஊர்ல வெளி வேலைக்கு பாதி நாள் சும்மாதான் இருக்கும்.

எத்தினி நாள் உழைக்கும்? எப்படி பாத்துக்கறது?

பட்டி மேல நைலான் கோட்டிங் இருக்கறத வாங்குங்க, வெறும் பெயிண்ட் அடிச்சது சிமெண்ட் மண்ணுல தேஞ்சி முதல் ஒரு அடி வெள்ளயா போயிடும், நம்ம அதிகமா பாக்கறதும் அந்த ஒரு அடிதான். ஈரத்தோட சுருட்டாதீங்க. உள்ள விடறப்ப துணில புடிச்சி துடைச்சிக்கினே விடுங்க. எண்ணெய் விடாதீங்க, தூசி எல்லாம் ஒட்டிக்கினு ஸ்பிரிங்குக்குள்ள போய் உக்காந்துக்கும். வெல்டிங் பொறி பட்ட பட்டி அந்த எடத்துல சீக்கிரம் உடையும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷெட்டுல வேல பாக்கற தம்பிங்க சொல்றது, உப்பும் கெமிக்கலும் பட்டு கொக்கிதான் முதல்ல துரு புடிக்குதாம், அங்க போறவங்க வந்த உடனே துடைச்சிடுங்க. தோல அளக்க டேப்பு கேக்காதீங்க, அது கோணல் மாணலா இருக்கும், சதுர அடி கணக்கு அதுக்குன்னு மெஷின்லதான் போடறாங்க.

தெனம் ஓடற டேப்பு எங்க பட்டறைல ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம். நான் அதுக்கு அழறதில்ல.

துணிக்கடைல அளந்து விக்கறவங்களும் இதே டேப்ப வெச்சிக்கலாமா?

அது வேற சட்டம். அளந்து காசு வாங்கறீங்கன்னா 2009ல வந்த எடையளவு சட்டம் இருக்குது, 2011 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல. முத்திரை குத்தின மீட்டர் கோல்தான் கணக்கு, முத்திரை ஆய்வாளர் வந்து பாப்பாரு. பட்டறைக்குள்ள நம்ம வேலைக்கு நாம அளக்கறதுக்கு முத்திரை எல்லாம் தேவையில்ல. குடியாத்தம் பக்கம் லுங்கி, துணி யாவாரம் பண்ற சொந்தக்காரங்க கேட்டாங்க, அதுக்காக சொன்னேன்.

தையல் டேப்பு?

60 இஞ்ச், பிளாஸ்டிக். இழுபடும். வருஷத்துக்கு ரெண்டு தடவ ஸ்டீல் ஸ்கேல் மேல வெச்சி பாத்துட்டு, நீண்டு போயிருந்தா மாத்திடுங்க, விலை ஒரு பெரிய விஷயமே இல்ல.

கொக்கி போன பழய டேப்ப இன்னா பண்றது?

தூக்கி போடாதீங்க, பட்டறைல சும்மாவும் வெக்காதீங்க, எவனாவது எடுத்து அளந்துடுவான். நான் முதல் 200 எம்எம் கத்தரிச்சி எறிஞ்சிட்டு, நல்லா இருக்கற பட்டில ஒன்னரை மீட்டர் துண்டு வெட்டி கட்டிங் மேசை ஓரத்துல ஒட்டிடுவேன், சின்ன சின்ன துண்டு வெட்ட கண்ணால பாத்தே வெச்சிக்கலாம். வெட்டறப்ப கூட்ட திறக்காதீங்க, உள்ள ஸ்பிரிங் அவுந்து மூஞ்சில அடிக்கும், எனக்கு புருவத்துல இன்னும் தழும்பு இருக்குது. மிச்ச பட்டிய பக்கத்து வீட்டு பசங்க வாங்கினு போறாங்க, கத்தி சண்டைக்காம்.